ஓடா, தகடா, தளமா? செட்டிநாட்டுப் பழைய மாதா கோயிலுக்குக் கூரை மாற்றும் முன்

ஐப்பசி மழையில் பீடத்தின் மேல் சொட்டத் தொடங்கினால், கார்த்திகை முடிவதற்குள் பங்குப் பேரவை (கோயில் நிர்வாகத்தைப் பேசி முடிவெடுக்கும் ஊர்ச் சபை) மூன்றாகப் பிரிந்துவிடும். இருக்கிற மங்களூர் ஓட்டையே பிரித்து வேய்ந்தால் போதும் என்பார்கள் பெரியவர்கள். வருஷா வருஷம் ஆசாரியைத் தேட முடியாது, பெயிண்ட் பூசிய உலோகத் தகடு போட்டு முடிப்போம் என்பார் பொருளாளர். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகளோ, பணம் அனுப்புகிறோம், கான்கிரீட் தளமே போட்டுவிடுங்கள் என்பார்கள். மூன்று தரப்பும் கூரையைத்தான் பார்க்கிறது. பார்க்க வேண்டியது சுவரை. எந்தக் கூரையை அது தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்துவிட்டால் பாதி விவாதம் தானாக நின்றுவிடும்.

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பழைய ஊர்க் கோயில்களில் பெரும்பாலும் சுவர் ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடி கனம் இருக்கும். கீழே செம்புறாங்கல், மேலே செங்கல், முகத்தில் சுண்ணாம்புப் பூச்சு. பூச்சு பளபளவென்று இருப்பதை வைத்து உள்ளே என்ன சாந்து என்று சொல்லிவிட முடியாது. பல இடங்களில் வெளிமுகத்துக்கு மட்டும் சுண்ணாம்பு. நடுவில் வெறும் மண் சாந்து. கண்டுபிடிக்கச் செலவே இல்லை. பூசாத மறைவிடத்தில், சக்ரீஸ்து அறையின் (பூசைச் சாமான்களும் உடைகளும் வைக்கும் அறை) பரண் மேலோ மணிக்கூண்டுப் படிக்கட்டிலோ, இணைப்பிலிருந்து ஆணியால் நெம்பி நெல்லிக்காய் அளவு சாந்தை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். அரை மணி நேரத்தில் கரைந்து சேறானால் மண். கட்டியாகவே கிடந்தால் சுண்ணாம்பு. நாலைந்து இடத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும். நீளச் சுவர் ஒரு காலத்திலும் கோபுரம் வேறொரு காலத்திலும் கட்டப்பட்டிருப்பது சகஜம்.

அடுத்து தூக்குக்குண்டு. நீளச் சுவர்களின் உச்சியிலிருந்து பத்தடிக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு, சுவர் வெளிப்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலம் வரை பழைய சுவரில் பெரிய விஷயமில்லை. இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் கூரையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, பழைய கட்டடம் பார்த்துப் பழகிய பொறியாளரைக் கூப்பிட வேண்டும். ஓட்டுக் கூரையின் கைமரங்கள் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்கள்) சுவரின் தலையை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதை இழுத்துப் பிடிப்பது குறுக்கு உத்தரங்களும் இரும்புக் கம்பிகளும்தான். பீடம் மறைக்கிறது, ஒலிபெருக்கி மாட்ட இடைஞ்சல் என்று எப்போதோ யாரோ அறுத்து எடுத்த உத்தரமே சாய்வுக்குக் காரணமாக இருப்பதுண்டு. விரிசல் இருந்தால் அதன் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை இரு முனையும் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதிவிடுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் உடையாமல் இருந்தால் அது பழைய விரிசல், அடைத்துவிடலாம். உடைந்தால் அடித்தளம் இன்னும் நகர்கிறது. கண்மாய்க் கரையோரக் களிமண்ணில் நிற்கும் கோயில்களில் இதை விடாமல் பார்க்க வேண்டும்.

எடைக் கணக்கு

நடுக்கூடம் 60 அடி நீளம், 24 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். இருபுறமும் ஒன்றரை அடி இறவாரம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரம்) விட்டு, 30 டிகிரி வாட்டத்தில் சாய்வுப் பரப்பு சுமார் 1,870 சதுர அடி வரும். மங்களூர் ஓடு ஒரு சதுர மீட்டருக்கு 15 என்றால் 2,600 ஓடு. ஒன்று இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. மரத்தையும் சேர்த்தால் மொத்தம் 9 டன், மழையில் நனைந்தால் 10 டன். அதே கூடத்துக்கு 5 அங்குலத் தளம் போட்டால் கான்கிரீட் மட்டும் 42 டன். 24 அடி அகலத்துக்கு உத்தரம் இல்லாமல் முடியாது, அதற்கு 7 டன். மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளவரிசைக்கு 20 டன்னுக்கு மேல். ஆக மொத்தம் 70 டன். நூறு வருஷமாகப் பத்து டன்னைச் சுமந்து பழகிய சுவரின் தலையில் ஏழு மடங்கு பாரம். தகடு என்றால் தகட்டின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

ஓட்டைப் பிரித்து வேய்வது

பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர்கள் 1860களில் மங்களூரில் தொடங்கிய சூளைகளிலிருந்து பரவிய ஓடு இது. அதன் பிறகு பல ஊர்ச் சூளைகளில் அச்சடிக்கப்பட்டதால், பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஒரு கம்பெனி ஓட்டின் கவ்வு இன்னொன்றோடு சரியாகப் பொருந்தாது. பிரித்து வேயும் வேலையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்: உடைந்த இடங்களில் புது ஓட்டைச் சொருகுவது. பார்வைக்குத் தெரியாத கால் அங்குல இடைவெளி விழும், காற்றோடு வரும் மழை அதன் வழியே ஏறிவிடும். பழைய ஓட்டில் நல்லதையெல்லாம் ஒன்றுசேர்த்து ஒரு பக்கச் சாய்வுக்கு மட்டும் போடுங்கள். மறுபக்கம் முழுக்கப் புதுசு. வாசல் பக்கமிருந்து எந்தச் சாய்வு தெரிகிறதோ அங்கே பழையதைப் போட்டால் கோயிலின் நிறமும் மாறாது.

பழைய ஓடு நல்லதா என்று விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் வைத்துக்கொள்ளலாம், மொத்தென்றால் உள்ளே விரிசல். சந்தேகம் இருந்தால் காய்ந்த ஓட்டை எடை போட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி போடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் கழித்துவிடலாம். பாசியைத் தென்னை நார் பிரஷால் தேய்த்தால் போதும், ஆசிட் வேண்டாம். கழற்றி இறக்கும்போது பத்துக்கு ஒன்றாவது உடையும் என்று கணக்கு வைத்து வாங்குங்கள். முகட்டு ஓடு 60 அடிக்கு 55லிருந்து 60 வரை ஆகும்.

செலவையும் நாளையும் தின்பது மரம். ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கைமரத்தின் முனையையும் குத்திப் பார்க்க வேண்டும், குறிப்பாகச் சுவருக்குள் புதைந்திருக்கும் அடி முனையை. நடுவில் இரும்பாக இருக்கும் மரம் அங்கே மட்டும் உளுத்துப் போயிருக்கும், காரணம் சுவரின் ஈரம். முனை மட்டும் போயிருந்தால் முழு மரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. நல்ல பாகம் வரை அறுத்து, இரண்டடி நீளத்துக்குப் பாதிப்பாதி வெட்டிப் புது முனையைப் பொருத்தி, நான்கு போல்ட் போட்டு முடுக்கிவிடலாம். பனங்கையில் (பனைமரத்தில் அறுத்த கைமரத்தில்) வைரம் பாய்ந்த கருப்புப் பாகம் மட்டும்தான் பலம். வெளுத்த உள்பாகம் கரையானுக்கு விருந்து. புதிதாகப் பனை வெட்டலாம் என்றால் 2021லிருந்து ஆட்சியர் அனுமதி வேண்டும். காரைக்குடியில் இடித்த வீடுகளின் மரச்சாமான் விற்கும் கடைகளில் பழைய தேக்கு உத்தரங்களும் சட்டங்களும் கிடைக்கும். நீளம், ஆணித்துளை, வளைவு பார்த்து எடுத்தால் புது மரத்தைவிட அது மேல். நூறு வருஷம் காய்ந்த மரம் இனி முறுக்காது.

ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) இடைவெளி சுமார் 12½ அங்குலம். டேப்பை நம்பாமல், வாங்கிய ஓட்டிலேயே பத்தைத் தரையில் கோத்துப் பார்த்து அளவெடுத்து அடிக்க வேண்டும். இறவாரத்தில் இரண்டு வரிசை, முகப்பு ஓரங்களில் இரண்டு வரிசை, முகட்டை ஒட்டிய வரிசை, இவற்றை ஓட்டின் அடியில் இருக்கும் காதுத் துளையில் கம்பி போட்டு ரீப்பரோடு கட்டுங்கள். காற்று முதலில் கிளப்புவது அங்கேதான். முகட்டு ஓட்டுக்கு வெறும் சிமெண்ட் கலவை வைத்தால் மரம் அசையும்போது வெடித்துவிடும். சுண்ணாம்பும் செங்கல் பொடியும் சேர்ந்த கலவையில் கொஞ்சமே கொஞ்சம் சிமெண்ட் போதும்.

ஒழுகுகிற கோயில்களில் முக்கால்வாசி நேரம் குற்றவாளி ஓடே இல்லை. கோபுரச் சுவரும் கூரையும் முட்டும் மூலையில் தண்ணீர் இறங்குகிறது. அந்த மூலையைச் சிமெண்ட் வைத்து அடைப்பது இரண்டு கோடைக்குத் தாங்காது, ஏனென்றால் சுவர் அசையாது, மரம் அசையும். ஒன்றரை அடி அகல உலோகத் தகட்டை மடித்து, பாதி ஓட்டுக்கு அடியில், பாதி சுவர்மேல் ஏறுமாறு வைத்து, மேல் விளிம்பைச் சுவர் இணைப்பில் ஓர் அங்குலம் செதுக்கிச் சொருக வேண்டும். பேரவைக் கூட்டம் கூடும் முன் இந்த ஒரு மூலையை மட்டும் சரி செய்து ஒரு மழை பார்த்தாலே போதும் என்கிற கோயில்கள் நிறைய.

ஓட்டின் குறை என்ன? ஆள் கிடைப்பது குறைந்துவிட்டது. குன்றக்குடிப் பக்கம் மயில், மற்ற ஊர்களில் குரங்கு, இரண்டுக்கும் ஓடு மேடைதான். வருஷத்துக்கு ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும். ஏறுகிறவர் ஏணியைச் சாக்கு சுற்றிப் படுக்க வைத்து அதன்மேல்தான் நடக்க வேண்டும். நேரே ஓட்டில் மிதித்தால், சரி செய்யப் போனவர் பத்து ஓட்டை உடைத்துவிட்டு இறங்குவார்.

மரம் மொத்தமாகப் போய்விட்டதென்றால் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்ச் சட்டம் அடித்து அதன்மேல் அதே ஓட்டை அடுக்கலாம். வெளியே கோயில் மாறாது, கரையானும் இல்லை. குழாயின் வாயை மூடி வெல்டிங் வைக்காவிட்டால் உள்ளிருந்து துரு பிடிக்கும். சட்டத்தின் கால் நேரே செங்கல்மேல் உட்காரக் கூடாது. சுவர்த் தலையில் தொடர்ச்சியாக ஒரு மரத் தட்டோ மெல்லிய பட்டையோ கொடுத்து அதன்மேல் வைத்தால்தான் பாரம் பரவும். அடிக் குறுக்குக் குழாயை, உயரம் வேண்டும் என்று விட்டுவிடக் கூடாது.

தகடு

பத்து நாளில் முடியும், ஒழுகல் உடனே நிற்கும். குறையைச் சொல்லிவிடுவோம். சித்திரை மதியத்தில் தகட்டின் மேல் 60 டிகிரியைத் தாண்டும் சூடு, மாலைப் பூசை வரை கீழே இறங்கிக்கொண்டிருக்கும். மழை பெய்தால் மறையுரை கேட்காது. எடை இல்லாததால் காற்று தூக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை வழியாக உள்ளே வந்ததை மறந்திருக்க மாட்டோம். இந்தப் பக்கம் கடற்கரை இல்லையே என்று திருகாணியில் சிக்கனம் பிடிக்கக் கூடாது. இறவாரத்திலும் முகட்டிலும் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு திருகாணி, நடுச் சட்டங்களில் ஒன்றுவிட்டு ஒன்று. பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே துளை. ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடிக்கும் என்பதால் எட்டுப் பத்து வருஷத்தில் திருகாணிகளை மாற்ற வேண்டிவரும். கடையில் 0.5 என்று சொல்வது பெயிண்ட் பூச்சையும் சேர்த்த தடிமனா, உலோகம் மட்டுமா என்று கேளுங்கள். பச்சைச் சுண்ணாம்போ சிமெண்ட் கலவையோ தகட்டில் படாமல் பார்க்க வேண்டும், அரித்துவிடும். வௌவால், புறா எச்சமும் அப்படியே.

சாய்ந்த சுவர், மண் சாந்து, கையில் கொஞ்சம் பணம் என்றால் தகடு நியாயமான தேர்வு. கூரைச் செலவைச் சுருக்கி மிச்சத்தைச் சுவருக்குப் போடலாம். இருபது வருஷக் குடை என்று நினைத்துப் போடுங்கள்.

தளம்

எடையைச் சொல்லிவிட்டோம். எடையைத் தாங்கினாலும் இன்னொன்று இருக்கிறது. 60 அடிக் கான்கிரீட் தளம், 30 டிகிரி வெப்ப ஏற்ற இறக்கத்தில் 5 மில்லிமீட்டர் வரை நீண்டு சுருங்கும். தன்னோடு சுவரின் தலையையும் இழுக்கும். தளத்துக்குக் கீழே நீளவாக்கில் ஒரு விரிசல் விழும், எத்தனை முறை பூசினாலும் திரும்ப வரும். இதைத் தவிர்க்க, சுவரைத் தொடாமல் தனி அடித்தளத்தில் தூண்கள் எழுப்பி அவற்றின்மேல் தளம் போடலாம். செய்யக்கூடியதுதான். ஆனால் அது பழைய சுவரைத் திரையாக வைத்துக் கட்டும் புதுக் கோயில் என்பதை ஊரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், தூணுக்குக் குழி தோண்டும்போது பழைய அடித்தளத்தைக் கலைக்கும் அபாயத்தையும் சேர்த்து. கான்கிரீட் என்றால் பராமரிப்பு இல்லை என்ற நம்பிக்கையும் சரியல்ல. கம்பிக்குக் கீழே கலவை போதாமல் போட்ட தளங்கள் முப்பது நாற்பது வருஷத்தில் துருப்பிடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்வதைப் பஞ்சாயத்துக் கட்டடங்களிலேயே பார்க்கலாம்.

பக்கத்து இறக்கங்களும் சக்ரீஸ்து அறையும் மெட்ராஸ் டெரஸாக (மரச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மட்டக் கூரை) இருந்தால் அதை இடிக்க வேண்டாம். முளைத்த அரசஞ்செடியை வேரோடு எடுத்து, மேலே பதித்த தட்டோட்டின் இணைப்புகளைக் கீறி மறுபடி சுண்ணாம்பு வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஒழுகும்போதெல்லாம் மேலே ஒரு பூச்சு என்று நாற்பது வருஷமாக ஏற்றிய அடுக்குகளைத்தான் இறக்க வேண்டும். கீழே உத்தரம் தொய்வதற்கு அந்தப் பாரமே காரணம்.

கூரையோடு சேர்த்துக் கெடுத்துவிடும் சுவர்

கூரை முடிந்ததும் மிஞ்சிய சிமெண்டில் சுவரையும் பூசிவிடுவோம் என்பது ஊர் வழக்கம். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி முகம் வழியே விட்டுக்கொண்டிருக்கும். மேலே சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடும், இரண்டடி உயரத்தில் நின்ற ஓதம் (சுவர் ஈரம்) நாலடிக்கு ஏறும். உள்ளே தங்கிய உப்பு செங்கலின் முகத்தையே பொரியாக உதிர்க்கும். சிமெண்ட் பூச்சு தனித் தகடாக நிற்க, பின்னால் செங்கல் மாவாகிக் கிடக்கும். எமல்ஷனும் புட்டியும் செய்வது அதே வேலைதான், கொஞ்சம் மெதுவாக.

சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், மூன்று நான்கு மெல்லிய கை (அடுக்கு), ஒவ்வொரு கைக்கும் நடுவே ஒரு வாரமாவது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் பிடிப்பைக் கூட்டும்; வெல்லம் மிஞ்சினால் இறுகத் தாமதமாகும், எறும்பும் வரும். முட்டை வெள்ளைக்கருவும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் சேர்த்துக் கல்லால் தேய்த்துப் பளிங்காக்கும் செட்டிநாட்டுப் பூச்சு, பீடச் சுவருக்கு மட்டும் போதும். முழுக்கோயிலுக்கும் அது வீண் ஆசை. வெளியே வெள்ளையடிப்பதற்கு ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர். நீர்த்த கலவையை மூன்று முறை அடிப்பது, கெட்டியாக ஒரு முறை அடிப்பதைவிட நிற்கும். செங்கல்லை அச்சில் வார்த்தே அலங்காரம் செய்த கட்டடமானால் (இதே மாவட்டத்து இடைக்காட்டூரில் 1894ல் எழுந்த திருஇருதய ஆலயம் அந்த வகைக்குப் பெயர் பெற்றது) பூச்சே வேண்டாம், இணைப்பை மட்டும் சுண்ணாம்பால் நிரப்புங்கள்.

பூச்சுக்கு முன்னால் செய்ய வேண்டியது வெளியே இருக்கிறது. சிமெண்ட் ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் தெரு உயர்ந்து, கோயில் பள்ளத்தில் நிற்கும். சுவரை ஒட்டிப் போட்ட சிமெண்ட் தரையை இரண்டடி அகலத்துக்கு உடைத்து எடுத்து, ஓரடி ஆழத்துக்கு ஜல்லி நிரப்பி, தண்ணீர் ஊருணிப் பக்கம் ஓட வாட்டம் கொடுத்தால் ஒரே கோடையில் ஓதம் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். தரைக்கு ஆத்தங்குடிக் கல்லா (அந்த ஊரில் கையால் வார்க்கும் பூக்கல்), வழவழப்பான விட்ரிஃபைடு டைல்ஸா என்ற கேள்விக்கும் இதுவே பதில்: விட்ரிஃபைடு ஈரத்தை விடாது, அது சுவருக்குப் போகும். செருப்பை வெளியே விட்டு, பாய் விரித்துத் தரையில் உட்காரும் சனத்துக்கு ஆத்தங்குடிக் கல்லின் குளுமையே தனி. ஈரம் அடங்கும் முன் பதித்தால் அதிலும் உப்பு பூக்கும். கூரை முடிந்து ஒரு வருஷம் பொறுங்கள்.

வேலைக்கு நாள் பார்ப்பதென்றால் பொங்கல் முடிந்ததும் ஓட்டைப் பிரிக்கலாம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் திருமணம் இருக்காது, வாரநாளெல்லாம் கோயில் கைக்கு வரும். பீடத்தின் பக்கமிருந்து பத்தடி பத்தடியாகப் பிரித்து மூடிக்கொண்டே போனால் ஞாயிறு பூசையும் நிற்காது. ஒயரிங்கைப் புதிதாகக் குழாயில் இழுப்பதும் இடிதாங்கி வைப்பதும் கூரை திறந்திருக்கும்போதே முடிய வேண்டும். சுண்ணாம்புப் பூச்சை அக்கினி நட்சத்திரத்தில் தொடங்காதீர்கள், ஈரச் சாக்கு தொங்கவிட்டாலும் வெடிக்கும். ஆடி பிறந்ததும் தொடங்கினால் மழைக்கு முன் இறுகிவிடும். சொந்தக் கட்டடத்தில் பத்து வருஷத்துக்கு மேல் இயங்கும் தேவாலயங்களைப் பழுது பார்க்கத் தமிழக அரசின் நிதியுதவி உண்டு. கட்டடத்தின் வயதைப் பொறுத்துத் தொகை கூடும். வெளிநாட்டு உதவி பெற்றிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. விவரம் ஆட்சியர் அலுவலகத்தின் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலப் பிரிவில் கிடைக்கும். மதிப்பீட்டில் சுண்ணாம்பு வேலை என்று தெளிவாக எழுதாவிட்டால் ஒப்பந்தக்காரர் சிமெண்ட் மூட்டையோடுதான் வருவார்.

மிஞ்சிய ஓட்டில் நூறை சக்ரீஸ்து அறைக்குப் பின்னால் நிறுத்திவைத்துக் கொள்ளுங்கள், படுக்க வைத்தால் உடையும். புரட்டாசி முடிவதற்குள் ஒருவர் ஏறி, கோபுர மூலைத் தகட்டில் சேர்ந்த வேப்பஞ்சருகைக் கூட்டிவிட்டு இறங்க வேண்டும்.